ஆறு லிட்டர் ஏரி

ஏரிக்கரையில் வளர்ந்தவருக்கு ஃப்ளஷ் டேங்கைப் புரியவைக்க ஐந்து நிமிடம் போதும். ஏரிக்கு என்னென்ன உண்டோ அவையெல்லாம் அந்தப் பிளாஸ்டிக் பெட்டிக்குள்ளும் இருக்கின்றன. நீர் வந்து சேர வரத்துக் கால்வாய், வேண்டும்போது திறந்துவிட மதகு, அளவு மீறினால் கரை உடையாமல் வழிந்தோடக் கலிங்கல். இடப்பக்கம் நிற்கும் மிதவைக் குழாய்தான் வரத்துக் கால்வாய். நடுவில் கோபுரம்போல் நிற்கும் உருளையின் அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் மதகு. அதே உருளையின் நடுவே மேலிருந்து கீழ்வரை திறந்திருக்கும் குழாய் கலிங்கல். மிதவை பழுதாகி நீர் நிற்காமல் ஏறினால், அந்தக் குழாய் வழியே பீங்கானுக்குள் இறங்கிவிடும். குளியலறைத் தரை நனையாது.

ஒப்புமை இன்னும் நெருக்கமானது. புதுக்கோட்டைப் பக்கத்துக் கண்மாய்களில் இன்றும் நிற்கும் குமிழித் தூம்பைப் பார்த்திருக்கிறீர்களா? கரையிலிருந்து சற்று உள்ளே, நீருக்கு நடுவில் இரண்டு கல்தூண்கள். அவற்றுக்கு இடையே ஒரு தண்டு, அதன் நுனியில் ஓர் அடைப்பு. அந்த அடைப்பு, அடியில் கிடக்கும் கற்பலகையின் துளையில் கச்சிதமாகப் பொருந்தும். தண்டை மேலே தூக்கினால் துளை திறந்து, கரைக்கு அடியில் ஓடும் கால்வாய் வழியே நீர் வயலுக்குப் போகும். இறக்கினால், மேலே நிற்கும் நீரின் எடையே அடைப்பை அழுத்தி மூடும். நம் வீட்டுத் தொட்டியில் பொத்தானை அழுத்தினால் நடப்பதும் இதுதான். உருளை மேலே எழும்பும், நீர் இறங்கும், உருளை திரும்ப உட்காரும், மேலே சேரும் நீர் அதை அழுத்திப் பிடிக்கும். ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள துளையின் மேல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால், ஏறத்தாழ 400 கிராம் எடை அந்த ரப்பர் வளையத்தை அழுத்திக்கொண்டிருக்கிறது என்று பொருள். இரவும் பகலும் ஒழுகாமல் காப்பது அந்த 400 கிராம்தான்.

ஒரே ஒரு வேறுபாடு உண்டு. குமிழித் தூம்பில் நீரோடித் துளையோடு சேறோடித் துளையும் இருந்தது. நீர் வெளியேறும்போது அடியில் படிந்த வண்டலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற அது வழிவிட்டது. ஃப்ளஷ் டேங்கில் சேறோடி கிடையாது. மதகின் வாய் தரையிலிருந்து சற்று உயர்ந்தே இருக்கும். ஒவ்வொரு முறை நீர் போகும்போதும் அடியில் இரண்டு விரல் ஆழத்துக்கு நீரும் அதற்குக் கீழே வண்டலும் தங்கிவிடும். எனவே இந்த ஏரியை நாம்தான் தூர்வார வேண்டும். இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

அதற்கு முன், இந்தப் பெட்டி ஏன் தேவை என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். குளியலறைக் குழாயைத் திறந்து 15 லிட்டர் வாளியை நிரப்ப இரண்டு நிமிடம் ஆகிறது. அதாவது நொடிக்கு எட்டில் ஒரு பங்கு லிட்டர். பீங்கானின் வளைவில் தேங்கியிருப்பதைத் தள்ளிக்கொண்டு போக இந்த வேகம் உதவாது. நீர் பக்கவாட்டில் வழிந்து இறங்கும், அவ்வளவுதான். தொட்டியோ மெதுவாக வரும் நீரைச் சேர்த்துவைத்து, 6 லிட்டரை மூன்று நான்கு நொடியில் விடுகிறது. குழாயின் வேகத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேல். மழையைச் சேர்த்துவைத்து நடவு நாளில் ஒரே மூச்சில் திறந்துவிடும் ஏரியின் உத்தியும் அதுவே.

பழைய வீடுகளிலும் ரயில்வே குடியிருப்புகளிலும் இருந்த சங்கிலித் தொட்டி பலருக்கு நினைவிருக்கும். தலைக்கு மேலே இரண்டு மீட்டர் உயரத்தில் வார்ப்பிரும்புப் பெட்டி. சங்கிலியை இழுத்துவிட்டால் பெருஞ்சத்தத்தோடு நீர் இறங்கும். 10 லிட்டர் நீர் இரண்டு மீட்டர் இறங்கும்போது கிடைக்கும் ஆற்றல் சுமார் 200 ஜூல். இன்றைய தாழ்வான தொட்டியில் 6 லிட்டர் அரை மீட்டர் இறங்கினால் 30 ஜூல்தான். ஆறில் ஒரு பங்குக்கும் குறைவான ஆற்றலில் அதே வேலை நடக்கிறதென்றால், அது பீங்கானின் வளைவைச் செதுக்கிய பொறியாளர்களின் திறமை.

அந்தச் சங்கிலித் தொட்டிக்கு ஒரு சிறப்பு இருந்தது. அதற்கு வாஷரே கிடையாது. தொட்டியின் நடுவே, நீர்மட்டத்துக்கு மேல் வாய் திறந்து ஒரு குழாய் நிற்கும். அதன்மேல் மணி வடிவில் ஓர் இரும்பு மூடி கவிழ்ந்திருக்கும். சங்கிலியை இழுத்து விட்டதும் மணி எழும்பி விழும். விழும் வேகத்தில் கொஞ்சம் நீர் குழாயின் வாயைத் தாண்டி உள்ளே விழும். விழும் நீர் காற்றையும் தன்னோடு இழுத்துப்போவதால் பின்னாலுள்ள நீர் தானாகத் தொடரும். இதுதான் சைஃபன் முறை. நீர்மட்டத்துக்குக் கீழே துளையே இல்லாததால், இந்தத் தொட்டி சத்தமில்லாமல் ஒழுக வழியே இல்லை.

பிரிட்டனில் இந்தத் தொட்டிக்கு வழங்கிய பெயர், நேராகச் சொன்னால், ‘நீர் வீணாவதைத் தடுக்கும் கருவி’. லண்டனில் குழாய் நீர் பரவலான காலத்தில் வால்வு வைத்த கழிப்பறைகள் ஓயாமல் ஒழுகியதால், சைஃபன் தொட்டியைத்தான் வைக்க வேண்டும் என்ற நிலை அங்கே வந்தது. நூறாண்டுக்கும் மேலாக அது நீடித்தது. 1999-ல் வந்த விதிகள்தான் வால்வுத் தொட்டிகளுக்கு மறுபடி கதவைத் திறந்தன. 2001 முதல் புதிய கழிப்பறைகள் ஒரு முறைக்கு 6 லிட்டருக்கு மேல் விடக் கூடாது என்றும் ஆனது. ஆஸ்திரேலியாவின் கரோமா நிறுவனத்தில் புரூஸ் தாம்சன் 1980-ல் உருவாக்கிய இரட்டைப் பொத்தான் தொட்டி, ஒரு பொத்தானுக்கு 11 லிட்டர், மற்றொன்றுக்கு 5.5 லிட்டர் என்று தொடங்கியது. இன்று பெரும்பாலும் 6, 3 என்று குறைந்திருக்கிறது. இத்தனை சிக்கனமும் ஒரு ரப்பர் வளையத்தை நம்பியிருக்கிறது. வளையம் கெட்டால், பொத்தானில் மிச்சம் பிடித்ததெல்லாம் ஓசையின்றிப் போய்விடும். என் கணிப்பில், வால்வுத் தொட்டியை ஏற்றுக்கொண்ட நாம் அதைப் பராமரிக்கும் பழக்கத்தை மட்டும் ஏற்றுக்கொள்ளவில்லை.

2019 கோடையில் எங்கள் குடியிருப்பில் லாரித் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தோம். குடத்தை எண்ணிச் செலவழித்த நாட்கள். அப்போதுதான் ஓர் இரவு, விளக்கொளி சாய்வாக விழுந்த கோணத்தில், பீங்கானின் பின்சுவரோடு ஒட்டி நூல்போல நீர் இறங்குவது தெரிந்தது. கண்ணாடியின் மேல் கண்ணாடிபோல, உற்றுப் பார்த்தாலொழியத் தெரியாது. மாதக்கணக்கில் அப்படித்தான் இருந்திருக்கும். கீழே ஒரு டம்ளரைப் பிடிக்க முடியாதல்லவா? அதனால் தொட்டிக்கு வரும் குழாயை மூடிவிட்டு, உள்ளே நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தேன். நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 மில்லிலிட்டர்.

நூறு மில்லி என்றால் அரை டம்ளர். பெருக்கிப் பாருங்கள். ஒரு நாளுக்கு 1,440 நிமிடம், 144 லிட்டர். பாதாளச் சாக்கடை வசதியுள்ள நகரங்களில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தர வேண்டும் என்பது இந்தியத் திட்ட அளவு. குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாம் சேர்த்து. எங்கள் வீட்டில் கண்ணுக்குத் தெரியாத ஒருவர் குடியிருந்து, தன் பங்கை முழுதாக வாங்கி, ஒரு சொட்டும் பயன்படுத்தாமல் சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருந்தார். அதே ஆண்டு ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு முதல் தண்ணீர் ரயில் வந்தது. 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர். எங்கள் வீட்டுத் தொட்டியைப்போல 17,000 சொச்சம் தொட்டிகள் ஒழுகினால், அந்த ரயில் முழுவதையும் ஒரே நாளில் குடித்துவிடும்.

ஒழுகுகிறதா என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலம் போதும். மூடியைத் தூக்கி நாலைந்து சொட்டு விடுங்கள். அரை மணி நேரம் யாரும் பொத்தானைத் தொடக் கூடாது. பிறகு போய்ப் பாருங்கள். பீங்கானில் நீலம் தெரிந்தால் மதகு ஒழுகுகிறது. தொட்டியின் நீர் நடுக்குழாயின் வாயைத் தொட்டு நின்றால் கோளாறு மதகில் இல்லை, மிதவையில். நீர்மட்டம் அந்த வாய்க்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கீழே நிற்க வேண்டும்; மிதவையின் திருகைச் சற்றுத் திருப்பினால் சரியாகிவிடும்.

மதகு ஏன் ஒழுகுகிறது? பெரும்பாலும் சுண்ணாம்பால். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் பாறையிலும் மண்ணிலும் உள்ள சுண்ணாம்பைக் கரைத்து, கால்சியம் பைகார்பனேட்டாக மாற்றிச் சுமந்துவருகிறது. நிலத்தடியில் இருக்கும்வரை இந்த ஏற்பாடு நிலைக்கிறது. போர் போட்டு மேலே இழுத்து, மொட்டைமாடித் தொட்டியில் வெயில் காயவைத்து, பிறகு ஃப்ளஷ் டேங்கில் திறந்த பரப்பாக நிற்கவைத்தால், வாயு வெளியேறுகிறது. வாயு போனதும் சுண்ணாம்பால் கரைந்திருக்க முடிவதில்லை. சுவரிலும் ரப்பரிலும் படிகிறது. நீர்மட்டம் ஏறி இறங்கும் இடத்தில் ஓரம் காய்ந்து நனைந்து காய்வதால் அங்கே படிவு இன்னும் தடிக்கிறது. தொட்டிக்குள் தெரியும் வெள்ளைக் கோடு அதுதான்.

கணக்கு மலைக்கவைக்கும். குடிநீருக்கான இந்தியத் தரம், வேறு நீர் கிடைக்காத நிலையில் லிட்டருக்கு 600 மில்லிகிராம் வரை கடினத்தன்மையைப் பொறுத்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட நீரை ஐந்து பேர், ஆளுக்கு ஐந்து முறை, முறைக்கு 6 லிட்டர் பயன்படுத்தினால் நாளுக்கு 150 லிட்டர். சுண்ணாம்புக் கணக்கில் அதில் 90 கிராம் கரைந்திருக்கிறது. ஓர் ஆண்டில் 30 கிலோவுக்கு மேல் அந்தச் சிறு பெட்டியைக் கடந்துபோகிறது. அதில் மிகப் பெரும்பகுதி நீரோடு போய்விடுகிறது. ஆனால் ஒழுகலுக்கு ஒரு மணல் அளவு போதும். வாஷருக்கும் அது உட்காரும் விளிம்புக்கும் இடையில் அந்த மணல் சிக்கினால், 400 கிராம் அழுத்தமும் பயனற்றுப் போகிறது.

காவிநிறப் படிவு வேறு கதை. சில போர்களில் நீர் பளிங்குபோல வந்து, வாளியில் சற்று நேரம் நின்றதும் மஞ்சளாகும். நிலத்தடியில் காற்றின்றிக் கரைந்திருந்த இரும்பு, ஆக்சிஜனைத் தொட்டதும் துருவாக மாறி அடியில் படிகிறது. அந்த இரும்பையே உணவாகக் கொண்டு வாழும் நுண்ணுயிர்களும் உண்டு; அவை சுவரில் பழுப்பு நிறக் கொழகொழப்பாகப் படரும். நோய் தரும் கிருமிகள் அல்ல. பார்க்க அருவருப்பு, மிதவையின் நுண்துளைகளை அடைக்கும், அவ்வளவே.

இங்கே ஒரு பயத்தைப் போக்க வேண்டும். கழிப்பறை என்ற சொல்லைக் கேட்டதும் கை பின்னால் போகிறது. தொட்டிக்குள் இருப்பது உங்கள் குளியல் குழாயில் வரும் அதே நீர். பீங்கானிலிருந்து எதுவும் அதற்குள் ஏறிவர முடியாது. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒருமுறைகூட மூடியைத் திறக்காமல், பிளம்பர் வந்துதான் திறக்க வேண்டும் என்று காத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் பொ.ஆ. 919, 921 ஆண்டுகளிலேயே ஏரியைக் கவனிக்க ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் ஏரி வாரியம் பற்றிச் சொல்லியிருக்கிறது. ஊர் ஏரிக்கே தனி ஆளை வைத்த மரபில் வந்தவர்கள், வீட்டு ஏரிக்கு ஆண்டில் இரண்டு மணி நேரம் கொடுக்கலாம். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆற்று நீர் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

வேலையைச் சுவரில் இருக்கும் ஆங்கிள் வால்விலிருந்து தொடங்குங்கள். அதை மூடிப் பொத்தானை அழுத்தினால் தொட்டி காலியாகும். ஆங்கிள் வால்வு திரும்ப மறுத்தால் பலவந்தம் வேண்டாம்; ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட்டதால் உப்பு பிடித்திருக்கும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் பொது வால்வை மூடிவிட்டு வேலையைப் பாருங்கள். அடியில் தங்கிய நீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு வண்டலை வழித்தெடுங்கள். அதைப் பொத்தானை அழுத்தி வெளியேற்றப் பார்த்தால், அது மதகின் வாயில்தான் போய் நிற்கும்.

சுண்ணாம்புக்கு மருந்து புளிப்பு. பித்தளைப் பாத்திரத்தைப் புளியால் துலக்கிய பாட்டிமார் இந்த வேதியியலைக் கையில் வைத்திருந்தார்கள். அமிலம் பட்டதும் சுண்ணாம்பு கரைந்து, சிக்கிக்கிடந்த கரியமில வாயு நுரையாகக் கிளம்பும். மளிகைக் கடையில் கிடைக்கும் வினிகர், அல்லது ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பு, இரண்டில் எதுவானாலும் சரி. பழந்துணியை அதில் நனைத்து வெள்ளைக் கோட்டின்மேல் ஒட்டவையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் உதிரும். நடு உருளையைக் கால் திருப்பு திருப்பினால் பெரும்பாலான தொட்டிகளில் கையோடு வந்துவிடும். அடியிலுள்ள வாஷரைக் கழற்றி, மென்மையாகத் துடைத்து, விரலால் தடவுங்கள். வழுவழுப்பாக இருந்தால் திருப்பி மாட்டலாம். விரலில் கருமை ஒட்டினாலோ, ரப்பர் விறைத்து வளைய மறுத்தாலோ அதன் காலம் முடிந்தது. பழையதைக் கடைக்குக் கொண்டுபோய் அதே அளவு வாஷர் வாங்குங்கள், சின்னச் செலவுதான். வாஷர் உட்காரும் பிளாஸ்டிக் விளிம்பைச் சுற்றியும் விரலை ஓட்டிப் பாருங்கள். அங்கே சொரசொரப்பு இருந்தால் புது வாஷரும் ஒழுகும்.

மிதவைக்கு ஒரு வார்த்தை. பழைய பால் காக்கில் நீண்ட கம்பியின் நுனியில் பந்து மிதந்து, நெம்புகோலாக வாய்க்குழாயை அழுத்தி மூடியது. இப்போதைய சிறு மிதவை ஒரு நுண்துளையை மட்டுமே மூடுகிறது. அந்தத் துளை அடைபட்டதும், குழாயில் வரும் நீரின் அழுத்தமே உள்ளிருக்கும் ரப்பர் தோலைத் தள்ளி வரத்தை நிறுத்துகிறது. அழகான உத்தி. ஆனால் ஒரு துகள் அந்தத் துளையில் சிக்கினால், தொட்டி நிரம்பாது அல்லது நிற்காது. மொட்டைமாடித் தொட்டிக்கு நேர் கீழே உள்ள கடைசி மாடியில் நீரின் அழுத்தம் குறைவு என்பதால் அங்கே இந்தத் தொல்லை கூடுதல். இணைப்புக் குழாயின் வாயிலுள்ள சல்லடையை அலசினாலே பாதி நோய் தீரும்.

செய்யக் கூடாதது ஒன்றை உரக்கச் சொல்ல வேண்டும். கழிப்பறை ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். ஒன்றைப் போட்டு, சரியாக அலசாமல் மற்றதைப் போடுவதும் சேர்ப்பதுதான். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஹைப்போகுளோரைட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு பிறக்கிறது. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர நகரருகே போர்முனையில் படைவீரர்கள்மேல் திறந்துவிடப்பட்ட அதே வாயு. காற்றைவிடக் கனமானது, ஜன்னல் சாத்திய நாலுக்கு நாலு அறையில், குனிந்து தேய்ப்பவரின் முகத்தருகேதான் தேங்கும். மூக்கில் காரமாக ஏறினால் எதையும் கழுவ முயலாமல் உடனே வெளியேறி, கதவைத் திறந்துவிடுங்கள். வீட்டு வேலைக்கு வருபவரிடம் இரண்டு பாட்டிலையும் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுபவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். தொட்டிக்குள் ஆசிட் ஊற்றவே தேவையில்லை. உலோகத் திருகுகளை அது தின்றுவிடும். தொட்டியில் போட்டுவைக்கும் குளோரின் மாத்திரைகளும் வேண்டாம். நாளெல்லாம் அந்த நீரில் ஊறும் ரப்பர் சீக்கிரமே விறைத்து வெடிக்கிறது. நீல மாத்திரை போட்ட வீட்டில் பீங்கான் எப்போதும் நீலமாகவே இருப்பதால் ஒழுகல் கண்டுபிடிக்கப்படுவதும் இல்லை. பழைய 10 லிட்டர் தொட்டியில் நீரை மிச்சம் பிடிக்கச் செங்கல்லைப் போடுபவர்கள் உண்டு. அது கரைந்து வண்டலாகும். மிதவையில் இடிக்காத இடமாகப் பார்த்து, நீர் நிரப்பி மூடிய ஒரு லிட்டர் பாட்டிலை நிறுத்துங்கள். நாளுக்கு 25 முறை என்றால் 25 லிட்டர் மிச்சம்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகும்போது இந்த ஏரி கொசுவுக்கு வசதியாகிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு விரும்புவது இருட்டான, அசையாத, தெளிந்த நீர். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அது முட்டையை நீரின்மேல் இடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரில் ஒட்டிவைக்கிறது. அந்த முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு காத்திருந்து, நீர் ஏறித் தொட்டதும் பொரிக்கும். அதனால்தான் தொட்டியைக் காலி செய்தால் மட்டும் போதாது, சுவரைத் தேய்க்கவும் வேண்டும் என்கிறேன். சிங்கப்பூரில் நெடுநாள் வெளியூர் போகிறவர்களிடம், பீங்கானை மூடிவைக்கவும் தொட்டியின் வழிந்தோடும் குழாயின் வாயை அடைக்கவும் அரசின் சுற்றுச்சூழல் வாரியம் சொல்கிறது. நாமும் செய்யலாம். ஆங்கிள் வால்வை மூடி, தொட்டியைக் காலி செய்து, மூடியை இடைவெளியின்றிப் பொருத்திவிட்டுக் கிளம்புங்கள்.

சுவருக்குள் மறைந்த தொட்டி வைத்திருப்பவர்கள், தங்களுக்கு இதில் வழியில்லை என்று நினைக்க வேண்டாம். பொத்தான் பலகையை மேல்நோக்கித் தள்ளியோ, திருகை எடுத்தோ கழற்றினால், கை நுழையும் அளவுக்கு ஒரு ஜன்னல் இருக்கும். உள்ளே மிதவையும் உருளையும் எட்டும் தூரத்தில்தான் நிற்கின்றன. சொட்டு நீலத்தையும் அந்த ஜன்னல் வழியே விடலாம்.

இன்று இரவு எல்லோரும் கழிப்பறைக்குப் போய்வந்த பிறகு, தொட்டியில் நாலு சொட்டு நீலம் விடுங்கள். அரை மணி நேரம் கழித்து விளக்கைப் போட்டுப் பாருங்கள்.